பாலம் எப்படி இருக்கு? ஒன்மோட்டரிங் கேமராப் படங்களை நம்பலாமா

ஜோகூருக்குக் காரில் போய்வரும் சிங்கப்பூர்க் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒரே கேள்விதான், பாலம் எப்படி இருக்கு? (பாலம் என்றால் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் கடற்பாலம்.) பதில் தேட ஆளுக்கொரு வழி. சிலர் டெலிகிராம் குழுவில் கேட்பார்கள், சிலர் வரைபடச் செயலியில் சிவப்புக் கோடு எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்கள், என் மச்சான் மாதிரி சிலர் எதையும் பார்க்காமல் கிளம்பிப் போய் வரிசையில் நின்றபடி எனக்குப் போன் போடுவார்கள். நான் பார்ப்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) ஒன்மோட்டரிங் தளத்தில் வரும் போக்குவரத்துக் கேமராப் படங்களை. வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டாம், செயலி எதுவும் இறக்க வேண்டாம், போனில் பிரவுசரைத் திறந்தால் போதும். தமிழில் இதை யாரும் விரிவாக அலசி நான் படித்ததில்லை, அதனால் இந்த விமர்சனம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நேரலை வீடியோ வரும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். கேமரா எடுப்பது வீடியோதான், எல்டிஏ கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர்கள் அதை ஓடும் படமாகவே பார்க்கிறார்கள். நமக்குக் கிடைப்பது அதிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் போடும் ஒற்றைப் படம். அசையாது, பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பக்கத்தைத் திறந்ததும் விரைவுச்சாலை வாரியாகப் பெயர்கள் இருக்கும், பிஐஇ, ஏஒய்இ, சிடிஇ, பிகேஇ என்று. கூடவே எல்லைச் சாவடிகள் இருக்கும் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டும், செந்தோசாவும் உண்டு. ஒன்றைத் தொட்டால் அந்தச் சாலையின் படங்கள் வரிசையாக வரும், எடுத்த தேதியும் நேரமும் சேர்ந்தே வரும். அந்த நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு நேரத்தைப் பார்ப்பவர்கள்தான் அதிகம், அப்புறம் "காலியாத்தானே இருந்துச்சு" என்று புலம்புவார்கள்.

மற்ற விரைவுச்சாலைகளுக்கு இந்தப் படங்கள் எனக்குப் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. பிஐஇ-யில் நெரிசல் என்றால் வழிகாட்டும் செயலியே வேறு பக்கம் திருப்பிவிடும், சாலையோர மின்பலகையும் சொல்லிவிடும். எல்லைக்குத்தான் இது வேண்டும். அங்கே மாற்றுவழி என்று பார்த்தால் உட்லண்ட்ஸ் இல்லாவிட்டால் துவாஸ், துவாஸ் இல்லாவிட்டால் வீடு, அவ்வளவுதான். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் காருக்கு மூன்று மணி நேரம் வரை ஆகலாம் என்று குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையமே முன்கூட்டி எச்சரிக்கிற இடம் அது. நாளுக்கு 5 லட்சம் பேருக்கு மேல் இரண்டு சாவடிகளையும் கடந்த நாட்கள் உண்டு. 2024 மார்ச்சில் காரில் போகிறவர்களுக்குக் கடப்பிதழுக்குப் பதிலாக கியூஆர் குறியீடு வந்தது, சோதனை முகப்பில் ஆகும் நேரம் குறைந்தது, ஆனால் வரிசை காணாமல் போய்விடவில்லை. வேகமாக அனுப்பினால் இன்னும் கொஞ்சம் பேர் கிளம்பி வருவார்கள், மனிதசுபாவம்.

உட்லண்ட்ஸுக்கு இரண்டு படங்கள் முக்கியம். ஒன்று கடற்பாலத்திலிருந்து ஜோகூரை நோக்கிப் பார்க்கிறது. இன்னொன்று சோதனைச் சாவடியிலிருந்து, சாவடிக்கு வந்து சேரும் பிகேஇ விரைவுச்சாலையை நோக்கிப் பார்க்கிறது. அதாவது இரண்டு கேமராவும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று எதிரெதிர்த் திசையில் பார்க்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இது புரியாமல் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள். பாலத்துப் படத்தில் நமக்கு முதுகு காட்டுகிற வண்டிகள் ஜோகூருக்குப் போகின்றன. சாவடிப் படத்தில் நமக்கு முகம் காட்டுகிற வண்டிகள்தான் ஜோகூருக்குப் போகின்றன. ராத்திரியில் இது இன்னும் எளிது, பாலத்துப் படத்தில் சிவப்பு விளக்குகளை எண்ணுங்கள், சாவடிப் படத்தில் வெள்ளை விளக்குகளை எண்ணுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பாலம் காலியாக இருந்தால் வழி காலி என்று அர்த்தமில்லை! புதிதாகப் பார்க்கிற எல்லாரும் விழுகிற பள்ளம் இதுதான். பாலம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், அதற்கு இந்தப் பக்கம் சிங்கப்பூர்ச் சாவடி, அந்தப் பக்கம் மலேசியச் சாவடி. சிங்கப்பூர்ப் பக்கம் முகப்புகளில் அடைத்துக்கொண்டால் பாலத்தில் வண்டியே இருக்காது, ஏனென்றால் எல்லாரும் இன்னும் சாவடிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் சாவடிப் படத்தில் முகம் காட்டும் வண்டிகள் அடைசலாக இருக்கும். பாலமும் அடைசல், சாவடி வாசலும் அடைசல் என்றால் மலேசியப் பக்கம் மெதுவாகி அது பின்னால் வரைக்கும் வந்து முட்டியிருக்கிறது, அன்றைக்குக் கிளம்புவதில் அர்த்தமே இல்லை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். சாவடி வாசல் லேசாக இருக்கிறது, பாலத்தில் மட்டும் சிவப்பு நிறைந்திருக்கிறது என்றால் அது இப்போதுதான் கட்ட ஆரம்பித்த வரிசை, உட்லண்ட்ஸ் பக்கத்திலேயே வீடு இருப்பவர்கள் ஓடிப்போய்ப் பிடிக்கலாம், கிழக்கே தெம்பனிஸிலிருந்து கிளம்புகிறவர் போய்ச் சேர்வதற்குள் கதை மாறிவிடும்.

இரண்டும் காலியாக இருந்தால்? பெரும்பாலும் நல்ல சேதிதான். ஆனால் சாவடிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை இந்தப் படங்கள் எதுவும் காட்டாது. உள்ளே எத்தனை முகப்பு திறந்திருக்கிறது, பெட்டியைத் திறந்து சோதிக்கிறார்களா, எதுவும் தெரியாது. மலேசியப் பக்கத்து முகப்புகளும் தெரியாது. இது குறை என்று சொல்வதா நியாயமான எல்லை என்று சொல்வதா தெரியவில்லை. பாதுகாப்பு இடத்தை ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்ட மாட்டார்கள், சரி. ஆனால் பார்க்கிற நாம் அந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றைப் படத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். என் வழக்கம் இது: படத்தில் தனியாகத் தெரிகிற ஒரு வண்டியைப் பிடித்துக்கொள்வேன். வெள்ளை லாரி, மஞ்சள் பேருந்து, கூரையில் பெட்டி கட்டிய எம்பிவி, எதுவானாலும் சரி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அடுத்த படம் வரும்வரை காத்திருப்பேன். அந்த லாரி விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அடுத்த படத்திலும் அதே கம்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் முடிந்தது. ஆளையே காணோம் என்றால் வரிசை பார்க்க நீளமாக இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நெருக்கமாக நிற்பதும் நெருக்கமாக நகர்வதும் ஒற்றைப் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும், இரண்டாவது படம்தான் அதைப் பிரித்துக் காட்டும். வீட்டுக்காரி கைப்பையோடு வாசலில் நின்றுகொண்டு "என்னங்க, லாரி நகந்துச்சா?" என்று கேட்பாள், எங்கள் வீட்டில் இது சாதாரணக் கேள்வி.

மழை, வெயில் பற்றியும் சொல்ல வேண்டும். மழை பிடித்துவிட்டால் லென்ஸில் நீர் வழிந்து ராத்திரி விளக்கெல்லாம் ஊதிப் பெருத்து எது முன்விளக்கு எது பின்விளக்கு என்றே தெரியாது. சாயங்கால வெயில் நேராக விழும்போது சில படங்கள் வெளுத்துப்போகும். எல்லாக் கேமராவும் ஒரே தரமும் இல்லை, சில படங்கள் பெரிதாக, தெளிவாக இருக்கும், சில படங்கள் பழைய நோக்கியா போனில் எடுத்தது மாதிரி இருக்கும். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான், எந்தப் படத்திலும் வண்டி நம்பரையோ ஓட்டுகிறவர் முகத்தையோ நான் வாசிக்க முடிந்ததில்லை. கூட்டம் தெரிய வேண்டும், ஆள் தெரியக் கூடாது, அந்த அளவில் சரியாக வைத்திருக்கிறார்கள்.

வரைபடச் செயலி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற சாலைகளுக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். எல்லையில் மட்டும் அந்தச் சிவப்புக் கோட்டையும் "28 நிமிடம்" என்கிற எண்ணையும் நான் முழுசாக நம்புவதில்லை. அந்தக் கணக்கு சாலையில் இருக்கும் போன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதிலிருந்து வருகிறது. பாலத்தில் மோட்டார்சைக்கிளுக்குத் தனித் தடம். விடியற்காலையில் ஜோகூரிலிருந்து வேலைக்கு வரும் மோட்டார்சைக்கிள் கூட்டத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், சாயங்காலம் அதே கூட்டம் திரும்புகிறது. கார் நிற்கும்போது அவர்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் செயலி எந்த அளவுக்குப் பிரித்துப் பார்க்கிறது என்பது எனக்கு எப்போதும் சந்தேகம். எண் தப்பாகப் போனால் ஏன் தப்பானது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. படத்தில் அந்தப் பிரச்சினை இல்லை, நிற்கிற காரை நானே பார்க்கிறேன், முடிவையும் நானே எடுக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது உத்தமம், இரண்டும் முரண்பட்டால் நான் படத்தின் பக்கம்.

செயலிக் கடையில் பாலம், நெரிசல் என்று தேடினால் ஏகப்பட்டது வரும். பெரும்பாலும் இதே படங்களைத்தான் எடுத்துப் போடுகிறார்கள், அதில் தப்பில்லை, படங்கள் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவாகவே கிடைக்கின்றன. நான் முன்பு வைத்திருந்த ஒன்று முதலில் முழுத்திரை விளம்பரம் காட்டும், அதை மூடும் பொத்தானைத் தேடித் தொட்டால் படம் வரும், படத்தில் நேரம் இருக்கும் பட்டையை வெட்டி அந்த இடத்தில் இன்னொரு விளம்பரம் வைத்திருப்பார்கள். நேரம் இல்லாத போக்குவரத்துப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பெயர் வேண்டாம், அழித்துவிட்டேன். மூலத்தளமே இலவசமாக இருக்கும்போது நடுவில் ஆள் எதற்கு. சில செயலிகள் உட்லண்ட்ஸையும் துவாஸையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கின்றன, அது மட்டும் உண்மையிலேயே வசதி, ஒன்மோட்டரிங்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

திறந்த தரவு என்றேன் இல்லையா, அதைப் பற்றிக் கொஞ்சம். அரசாங்கத்தின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் இந்தப் படங்களுக்கு ஒரு ஏபிஐ, அதாவது நிரல் வழியாகத் தரவைக் கேட்டு வாங்கும் வழி, இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இது ஒரு புதையல். அதில் தேதியும் நேரமும் கொடுத்துக் கேட்டால் அந்தச் சமயத்துப் பழைய படத்தைத் தரும். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் இதை வைத்துப் போன தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமைப் படங்களை மணிக்கொன்றாக எடுத்து வரிசையாக ஒட்டிக் கொடுத்தான். ஜோகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் கடைகளுக்குப் போக எது நல்ல நேரம் என்று வீட்டில் நடக்கும் பட்டிமன்றம் அன்றோடு முடிந்தது. "மாமா, காலையில ஆறு மணிக்கே ஃபுல்லு, பாருங்க" என்று காட்டினான், காட்டியது உண்மைதான், விடியலிலேயே சாவடி வாசல் நிறைந்திருந்தது. யாராவது ஒருவருடைய "போன வருஷம் நாங்க போனப்போ" என்ற நினைவைவிட இது எவ்வளவோ தேவலாம்.

இந்தக் கேமராக்கள் நமக்காக வைத்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இமாஸ் என்று சொல்லும் விரைவுச்சாலைக் கண்காணிப்பு, ஆலோசனை முறையின் கண்கள் இவை. முதலில் சிடிஇ-யில் 1998இல் வந்தது, பிறகு மற்ற விரைவுச்சாலைகளுக்கும் பரவியது. விபத்து நடந்தாலோ வண்டி பழுதாகி நின்றாலோ மையத்தில் இருப்பவர்கள் கேமராவில் பார்த்து, மின்பலகையில் எச்சரிக்கை போட்டு, இழுவை வண்டியை அனுப்புவார்கள். விரைவுச்சாலையில் கார் நின்றுவிட்டால் எல்டிஏவின் மீட்பு வண்டி வந்து பக்கத்தில் குறித்து வைத்த வாகன நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிடும், இது இன்னும் பலருக்குத் தெரியாது. கேபிஇ, எம்சிஇ மாதிரி சுரங்கச் சாலைகளில் இந்தக் கண்கள் இல்லாமல் சாலையைத் திறந்தே வைக்க முடியாது, கேபிஇ சுரங்கம் மட்டும் சுமார் 9 கிலோமீட்டர், உள்ளே ஒரு வண்டி புகைந்தால் உடனே தெரிந்தாக வேண்டும். நகரச் சந்திப்புகளைப் பார்க்க ஜே-ஐஸ் என்று தனிக் கேமராக்கள் உண்டு. ஆனால் நம் ஊர் சிக்னல் பச்சையை நீட்டுவதும் குறைப்பதும் கேமராவைப் பார்த்து என்று நினைத்துவிடாதீர்கள், அது கிளைட் என்ற முறை, தாருக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள் வண்டி வருவதை உணர்ந்து சொல்கிறது.

இதைச் சொல்லக் காரணம், எங்கள் பக்கத்து பிளாக் அங்கிள் ஒருவர் பிகேஇ-யில் கம்பத்து மேல் எந்தக் கேமராவைப் பார்த்தாலும் பிரேக் போடுகிறார், பின்னால் வருகிறவன் கதி என்ன! இமாஸ் கேமரா அபராதச் சீட்டு அனுப்புவதற்கு இல்லை. அபராதம் போடுவது போக்குவரத்துப் போலீஸின் தனிக் கேமராக்கள். 2024 ஏப்ரல் 1 முதல் சிவப்பு விளக்குக் கேமராக்கள் சிலவற்றிலும் வேகத்தைப் பிடிக்கும் வசதியை இயக்கியிருக்கிறார்கள், சிக்னல் பச்சையாக இருந்தாலும் வேகமாகப் போனால் மாட்டலாம். தானா மேரா கோஸ்ட் சாலையில் இருப்பது வேறு வகை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் சராசரி வேகத்தைக் கணக்குப் போடும், கேமராவைப் பார்த்ததும் பிரேக் போட்டு அங்கே தப்ப முடியாது.

துவாஸ் படங்களுக்கு வருகிறேன். துவாஸிலிருந்து ஜோகூருக்குப் போகும் பாலமான இரண்டாம் இணைப்பு 1998 ஜனவரியில் திறந்தது, கடற்பாலத்தைவிட அகலம், கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். சுங்கக் கட்டணம் கூடுதல், ஜோகூர் பாரு நகரத்துக்கு அங்கிருந்து சுற்று அதிகம், அதனால் உட்லண்ட்ஸ் நெரிசலாக இருக்கும்போதுதான் பலருக்கும் இதன் நினைவு வரும். சிக்கல் என்னவென்றால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்த நினைவு வரும். பத்து மணிக்கு உட்லண்ட்ஸ் படம் பார்த்துப் பயந்து, துவாஸ் படம் காலியாக இருக்கிறது என்று ஏஒய்இ-யைப் பிடித்து மேற்கே போனால், அதே படத்தைப் பார்த்த இன்னும் ஆயிரம் பேர் கூடவே வருவார்கள். பாலமும் சாவடியும் மட்டும் பார்க்காமல் ஏஒய்இ-யின் கடைசிப் படங்களையும், துவாஸ் வெஸ்ட் சாலைக்கு அப்புறம் இருக்கும் படத்தையும் சேர்த்துப் பாருங்கள், பின்னால் எவ்வளவு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். ஜூரோங், பூன் லே பக்கம் இருப்பவர்களுக்கு துவாஸ் சரி. வடக்கே ஈசூனிலிருந்து துவாஸுக்கு ஓடுவது, படம் எவ்வளவு காலியாக இருந்தாலும், எனக்குச் சரிப்பட்டு வருவதில்லை.

திரும்பி வருவதற்கும் இதே படங்கள்தான். பாலத்துப் படத்தில் முகம் காட்டி வருகிறவை சிங்கப்பூருக்குள் வருகின்றன. ஞாயிறு ராத்திரி ஜோகூரில் ராஜமாரியம்மன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பேன். முகம் காட்டும் விளக்குகள் பாலம் முழுக்க நின்றால் இன்னொரு தே தாரிக் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் இங்கே இந்தச் சேவையின் பாதி பலம் போய்விடுகிறது, ஏனென்றால் ஜோகூர் நகரத்துக்குள், மலேசியச் சாவடிக்கு முன்னால் நிற்கிற வரிசை இந்தப் படங்களில் கிடையாது. போகும்போது ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன், வரும்போது மூன்று. கோலாலம்பூர், மலாக்கா என்று மேலே போகிறவர்கள் மலேசிய நெடுஞ்சாலை வாரியத்தின் தளத்தைப் பாருங்கள், அவர்களும் நெடுஞ்சாலைக் கேமராப் படங்கள் போடுகிறார்கள், தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது கட்டாயம் உதவும்.

ஒன்று மட்டும், ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சிங்கப்பூரில் குற்றம். பக்கத்துச் சீட்டில் இருப்பவரிடம் போனைக் கொடுத்து, பார்க்கவும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், எங்கள் வீட்டில் இப்போது சின்னவளே "முகம் காட்டுறது கம்மியா இருக்குப்பா" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

எல்டிஏ இதில் என்ன சேர்க்கலாம் என்று கேட்டால் எனக்கு ஆசை ரொம்பச் சின்னது. நேரலை வீடியோகூட வேண்டாம். இப்போதைய படத்துக்குப் பக்கத்தில் பதினைந்து நிமிடத்துக்கு முந்தைய படத்தையும், அரை மணிக்கு முந்தைய படத்தையும் சின்னதாக வைத்தால் போதும், வரிசை வளர்கிறதா தேய்கிறதா என்று யாருக்கும் தெரிந்துவிடும், தரவு ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருக்கிறது. அப்புறம் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டையும் ஒரே பக்கத்தில். அது வரும்வரை ஸ்கிரீன்ஷாட் முறைதான், லாரியைத் தேர்ந்தெடுக்கும்போது வெள்ளை லாரியாகப் பார்க்காமல் கொஞ்சம் வேறு நிறமாகப் பாருங்கள், வெள்ளையில் நிறைய இருக்கின்றன.